டகடக சத்தம்

வலங்கைமானில் அப்பா ஓட்டிய டாக்ஸி, அம்பாஸிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார்தான் 1958-ல் இங்கே அம்பாஸிடரா மாறுச்சு. பல வருஷம் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், அப்புறம் டீசல், 1990-களில் ஜப்பானின் இசுஸு இன்ஜினும் வந்துச்சு. 2014-ல் தயாரிப்பே நின்னுபோச்சு.

எங்களோடது பழைய டீசல் வண்டி. 'டகடக'னு தெரு முழுக்கக் கேட்கும். திங்கட்கிழமைகளில் கும்பகோணத்தில் காலேஜ் வாசல்வரை கொண்டுவந்து விடுவார். ஃப்ரெண்ட்ஸ் சிரிச்சாங்க. "பஸ் ஸ்டாண்டுலயே இறக்கி விடுங்கப்பா"ன்னேன். ஏன்னு கேட்கல. அதுக்கப்புறம் காலேஜ் பக்கமே வரல.

பட்டமளிப்பு விழாவுக்குத்தான் வந்தார். பஸ்ஸில். வண்டி, என் கடைசி செமஸ்டர் ஃபீஸா மாறியிருந்துச்சு.

இப்பவும் எங்கேயாவது அந்த டகடக சத்தம் கேட்டா, வாசலுக்கு ஓடிடறேன்.