தந்தி வந்தது, தெளிவு வந்ததா?

1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தொடங்கியது இந்தியத் தந்தி. 1871இல் கடலடிக் கம்பி சென்னையைப் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்தது. புள்ளியும் கோடும் ஓடிய அக்கம்பிக்குச் சாதியில்லை, தீட்டில்லை.

ஆனால் நம் ஆம்பூரில்? தோல் பதனிடும் தொழிலாளர் தெருவில் தந்திச் சேவகர் நுழைந்ததுமே ஒப்பாரி எழுமாம். பாட்டி சொல்லக் கேட்டோம். அவரும் அழுதாராம். எழுத்தறிந்தவர் வந்து உறையைப் பிரித்தார்: அண்ணனுக்கு வேலை கிடைத்த செய்தி!

2013இல் தந்தி ஓய்ந்தது. இன்று கைபேசியில் வதந்தியும் சோதிடமும் பறக்கின்றன. நம் வகுப்புப் பிள்ளைகளோ ஆராயாமலே நம்புகின்றனர். அன்று எழுத்தறியாமை அழ வைத்தது. இன்று எழுத்தறிந்தும் ஏமாறுவதா?

கம்பி செய்தியைக் கொணரும். பகுத்தறிவை நாமன்றோ கொணர வேண்டும், தோழர்களே!