அம்மம்மாவிடம் 'அழாதேங்கோ', ஸ்பானிஷில் 'நோ யோரே'

பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறீர்களா? அப்படியென்றால் "செய்" என்பதைவிட "செய்யாதே" என்பது ஏன் இவ்வளவு சிக்கல் என்று யோசித்திருப்பீர்கள்.

ஆங்கிலத்தில் யாரிடம் சொன்னாலும் முன்னால் ஒரு "டோன்ட்" போட்டால் வேலை முடிந்தது. ஸ்பானிஷில் "நோ" மட்டும் போதாது. வினைச்சொல்லின் முடிவும் மாறவேண்டும். நண்பனிடம் "பேசு" என்றால் "அப்லா". "பேசாதே" என்றால் "நோ அப்லெஸ்". "சாப்பிடு" என்றால் "கோமே". "சாப்பிடாதே" என்றால் "நோ கோமாஸ்".

விதி சின்னதுதான். "நான் பேசுகிறேன்" என்பது "அப்லோ". அதில் கடைசி "ஓ"வை எடுத்துவிடுங்கள். "ஆர்" என்று முடியும் வினைக்கு "எஸ்" சேருங்கள். "எர்", "இர்" என்று முடிபவற்றுக்கு "ஆஸ்" சேருங்கள். மரியாதையாகப் பேசினால் கடைசி "ஸ்" இல்லை: நோ அப்லே, நோ கோமா. பலரிடம் பேசினால் "ன்" வரும்: நோ அப்லென், நோ கோமான்.

பதினோராம் வகுப்புப் படிக்கும் என் சித்தியின் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது, "இத்தனை முடிவுகளை யார் நினைவு வைப்பது?" என்று அலுத்துக்கொண்டாள். தனக்குத் தமிழ் வராது என்று சொல்பவள் அவள். அம்மம்மாவுக்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்வாள்.

"தம்பி அழுதால் என்ன சொல்வாய்?" என்று கேட்டேன்.

"அழாதை."

"அம்மம்மா அழுதால்?"

கொஞ்சம் யோசித்தாள். "அழாதேங்கோ."

யாரும் அவளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் மறுக்கும்போது வினையின் உருவமே மாறும் என்பதும், மரியாதை வினையின் முடிவில் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "நோ யோரெஸ்", "நோ யோரே" இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் அதுதான். "டோன்ட் கிரை" என்பதில் அந்த வித்தியாசம் இல்லை.

வேலையில் மெக்சிகோ குழுவோடு பேசும்போது நான் அடிக்கடி கேட்பது "நோ சே ப்ரெயோகூபே". மரியாதையோடு "கவலைப்படாதீர்கள்" என்று அர்த்தம். அதைப் பாடமாக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "கவலைப்படாதேங்கோ" என்று கேட்டு வளர்ந்த காது இது.

வீட்டுத் தமிழ் பரீட்சைக்கு உதவாது என்று நினைக்காதேங்கோ. ஆனால் பாவிக்காவிட்டால் அது மெல்ல மறந்துபோகும். பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கலாம். இன்றைக்கே அம்மம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, "கவலைப்படாதேங்கோ, நான் நல்லா இருக்கிறன்" என்று சொல்லிப் பாருங்கோ.