கட்டைக் கணக்கு

ஈழத்துத் தமிழில் கட்டை என்றால் மைல். ‘இங்கிருந்து இரண்டு கட்டை’ என்று சொன்னால் தமிழகத்து நண்பர்கள் விழிப்பார்கள். அவர்களுக்குக் கட்டை என்பது விறகு. சங்கீதம் தெரிந்தவராயின் நாலரைக் கட்டைச் சுருதி. நமக்கோ, வீதியோரத்தில் மைலுக்கு ஒன்றாக நாட்டிய கட்டை தன் பெயரை அந்தத் தூரத்துக்கே கொடுத்துவிட்டது. 1,760 யார், இன்றைய கணக்கில் 1.609 கிலோமீற்றர்.

இச்சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘மூன்று கட்டை’ என்றால் நடக்கவேண்டிய தூரம். ‘மூன்றாம் கட்டை’ என்றால் ஓர் இடம். அங்கே பஸ் நிற்கும், தேநீர்க் கடை இருக்கும், மனிதர் குடியிருப்பர். திருகோணமலைப் பக்கத்திலும் இப்படிக் கட்டை எண்ணால் இடம் சொல்வார்கள். கிலோமீற்றருக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. ‘ஐந்தாம் கிலோமீற்றரில் இறக்கிவிடுங்கள்’ என்று பஸ்ஸில் எவரும் கேட்டதை நான் அறியேன்.

கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்றோர் இடம் இருக்கிறது. ஏ9 வீதி கண்டியில் தொடங்குகிறது. அங்கிருந்து எண்ணி வந்த 155ஆவது மைல் அது. அந்தப் பெயரை நாள்தோறும் சொல்பவர் பலருக்குக் கண்டியின் நினைப்பே வராது. அவர்களுக்கு அது வீட்டு முகவரி.

கொழும்புச் செய்தி மேசைகளுக்கு இது ஓயாத தொல்லை. மெட்ரிக் முறையில் படித்து வந்த இளம் உதவி ஆசிரியர்களுக்குக் கட்டை என்பது கொச்சைச் சொல்லாகப் பட்டது. ஒருவர் அதனை அடித்துவிட்டு ‘155ஆவது கிலோமீற்றர்’ என்று எழுதினார். அதே வீதியில் 155ஆவது கிலோமீற்றர் வவுனியாவுக்கும் தெற்கே கிடக்கிறது. போர்க்காலத்தில் அது வேறொரு நாடு போன்றது. அச்சுக்குப் போகுமுன் அகப்பட்டது நல்லதாயிற்று.

2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபின், வன்னியிலுள்ள உறவுகளைப் பற்றி அறியப் பலருக்குப் பத்திரிகையே துணை. 2008இல் ஒருநாள், 155ஆம் கட்டையை அண்டிக் குண்டு விழுந்ததாக ஒரு வரிச் செய்தி வெளியிட்டிருந்தோம். காலையில் முதியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, கட்டைக்கு இங்காலையோ, அங்காலையோ?”

மகள் குடும்பம் கட்டையிலிருந்து அரைக் கட்டை வடக்கே இருப்பதாகச் சொன்னார். என்னிடம் இருந்தது அந்த ஒரு வரி மாத்திரமே. ‘அண்டி’ என்ற சொல்லை எத்தனை எளிதாக எழுதிவிடுகிறோம்! எங்கள் செய்தியாளருடன் தொடர்பு கிடைக்க மாலையாயிற்று. கட்டைக்குத் தெற்கே என்றார். முதியவர் தந்த இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னேன். “எவ்வளவு தெற்கை?” என்று கேட்டார்.

போர் 2009இல் முடிந்தது. பின்னர் வீதியை அகலமாக்கிப் புதிதாய்ப் போட்டார்கள். கிலோமீற்றர்க் கணக்கில் அவ்விடம் கண்டியிலிருந்து ஏறத்தாழ 250. இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் இன்னமும் 155ஆம் கட்டை என்றே சொல்கிறார்கள். விபத்துச் செய்திகளிலும் அப்படியேதான் வருகிறது.