வேடந்தாங்கல் எங்க ஊரு

வேடந்தாங்கல்னு சொன்னதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "சைபீரியாவிலிருந்து பறவை வருமே, அந்த ஊரா?" என்பதுதான். அந்த ஊரேதான். ஆனால் சைபீரியா பாதிக் கதைதான். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி மாதிரி சில வாத்துகள் தூர தேசத்திலிருந்து வருவது நிஜம். இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கரண்டிவாயன் எல்லாம் நம் நாட்டுப் பறவைகளே.

தாங்கல் என்றால் சின்ன ஏரி. வேடர்கள் இருந்த இடம் என்பதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள் பெரியவர்கள். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். நம்ம மதுராந்தகம் ஏரி பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது குட்டை மாதிரிதான்! ஏரிக்குள்ளேயே நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. மழை பெய்து ஏரி நிறைந்தால் மரங்கள் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் நிற்கும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் பூனை, கீரி கூட்டுக்கு வர முடியாது. அதனால்தான் பறவைகளுக்கு இந்த ஏரி பிடித்திருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் சிப்பாய்கள் இங்கே வந்து நாரைகளைச் சுட்டார்களாம். ஊர்க்காரர்கள் சும்மா விடவில்லை. நேரே கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-இல் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். அந்தக் கலெக்டர் யார் தெரியுமா? ஏரி காத்த ராமர் கதையில் வருவாரே, அதே லயோனல் பிளேஸ்தான்! வேடன் பெயரை வைத்த ஊர் வேட்டையை நிறுத்தியது. 1936-இல் அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது. 2022-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்னாடியே காவல் காத்தது எங்க ஊர் ஜனங்கதான் என்று நான் சண்டை போட்டுச் சொல்வேன்.

பாசம் மட்டும் காரணம் இல்லை. லாபமும் உண்டு. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் அதுவே உரம். "இந்தத் தண்ணிக்கு யூரியா எதுக்குடா?" என்பார் எங்க தாத்தா. அதனால் குஞ்சுகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கு ஊரில் வெடி வெடிப்பதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இது கஷ்டம்தான். மத்தாப்போடு சரி.

1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவித்தார்கள். 2020-இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்க யோசனை வந்தபோது பலர் எதிர்த்தார்கள். பறவை இரை தேடுவது ஏரியில் மட்டுமா? சுற்றியிருக்கிற வயலிலும் மற்ற ஏரிகளிலும்தானே! நத்தை குத்தி நாரைக்கு நத்தை வேண்டும். நத்தைக்கு ஈர வயல் வேண்டும். 5 கிலோமீட்டர் என்பது அதற்கு ஒரு பறப்பு. மழையும் வேண்டும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது போல ஆகிவிட்டால் ஏரியும் இல்லை, பறவையும் இல்லை, நெல்லும் இல்லை.

இனி போக்குவரத்து. 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டம், இப்போது செங்கல்பட்டு மாவட்டம். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்து படாளம் கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்ப வேண்டும். ரயிலில் வருபவர்கள் செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ இறங்கி பஸ் பிடிக்கலாம். பஸ் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் நிற்கணும். நான் சில நாள் முதல் பீரியடுக்கு லேட்டாக வருவதன் ரகசியம் இதுதான், டீச்சர்!

நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் வாருங்கள். காலையில் சீக்கிரம், அல்லது சாயங்காலம் பறவைகள் கூட்டுக்குத் திரும்பும் நேரத்தில் வந்தால் நல்லது. கரைமேல் நின்று பார்க்க காட்சிக் கோபுரம் இருக்கிறது. கைதட்டிப் பறவையை எழுப்பாதீர்கள், எங்க ஊர்க்காரங்க திட்டுவாங்க.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு