இறக்கத்துச் சைக்கிள்

கிராண்ட்பாஸில், எங்கள் ஒழுங்கைச் சைக்கிள் கடையில், தடித்த ரயர்கள் பூட்டிய மலைச் சைக்கிளொன்று பழுது பார்க்க வந்திருந்தது. ஐரோப்பியப் பயணி ஒருவருடையது. அப்புத்தளைக்கு மேலே லிப்டன் இருக்கைவரை வேனில் ஏறி, அங்கிருந்து தம்பேதன்னைத் தொழிற்சாலைவரை ஏழு கிலோமீற்றர் உருண்டு இறங்குவாராம்.

நான் பிறந்த மலை அது. 1890இல் லிப்டன் கட்டிய அத்தொழிற்சாலைக்குக் கொழுந்து சுமந்தவர்களின் சந்ததியைத்தான் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றதாக்கிற்று. எங்கள் லயத்துப் பக்கம் சைக்கிள் வைத்திருந்தவர் கணக்கப்பிள்ளை ஒருவரே. ஏற்றத்தில் அவரும் அதைத் தள்ளிக்கொண்டுதான் போவார். இறங்கும் இன்பத்தை நான் பழிக்கவில்லை. என் தாயும் அவ்வழியே நித்தம் இறங்கியவள்தான். முதுகில் கூடையல்லவா இருந்தது!

“மாஸ்டர், உங்கட ஊர்ப் பாதை எப்படி?” என்றார் கடைக்காரர்.

“நல்ல பாதைதான். பிற்பகலில் கொழுந்து நிறுக்கப் பெண்கள் கூடையோடு வருவார்கள். வளைவுகளில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். பிரேக்குக்குப் புதுக் கட்டை போட்டுவிடுங்கள்.”