பெரியப்பா சொன்ன 'சர்வீஸ் கமிஷன்'

என் பெரியப்பா கடைசிவரை 'டி.என்.பி.எஸ்.சி.' என்று சொன்னதில்லை. வீட்டுப் பிள்ளை எவனாவது குரூப் தேர்வுக்குப் படிக்கிறான் என்று காதில் விழுந்தால், "சர்வீஸ் கமிஷன் எழுதுறியா? எழுது, எழுது" என்பார். வாய்க்கு வசதியாகச் சுருக்கிக்கொண்டார் என்றுதான் நினைத்திருந்தேன். நடுவில் இருந்த 'பப்ளிக்' எங்கே போயிற்று என்று ஒருநாள் விளையாட்டாகத் தேடப்போனேன். பெரியப்பா எதையும் சுருக்கவில்லை. ஆணையத்துக்குப் பிறக்கும்போது வைத்த பெயரே அதுதான்.

1929-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் இயற்றிய சட்டப்படி உருவானது 'மெட்ராஸ் சர்வீஸ் கமிஷன்'. தலைவரையும் சேர்த்து மூன்றே பேர். கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை, மலபார், தென் கன்னடம் எல்லாம் அடங்கிய மாகாணத்துக்கு அந்த மூன்று பேர்தான். இந்தியாவில் ஒரு மாகாணம் தனக்கென்று அமைத்துக்கொண்ட முதல் தேர்வாணையம் இது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் 1937-இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் 'பப்ளிக்' வந்து ஒட்டிக்கொண்டது. மாநிலத்தின் பெயர் மாறியதை ஒட்டி 1970-இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆயிற்று.

பெயர்க் கணக்கு முடிந்தது. வேறொரு கேள்வி முளைத்தது. வங்காளமும் பம்பாயும் 1937 வரை காத்திருக்க, மதராஸுக்கு மட்டும் என்ன அவசரம்?

தில்லியைப் பார்த்துச் செய்தது என்று ஒரு விடை சொல்வார்கள். லீ கமிஷன் பரிந்துரைத்து, 1926 அக்டோபர் 1-ஆம் தேதி மத்தியத் தேர்வாணையம் வந்தது. மூன்று ஆண்டு கழித்து மதராஸ் அதைப் பின்பற்றியது என்று. நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் 1924 என்ற ஆண்டு குறுக்கே வந்து நின்றது. பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி அமைச்சரவை அந்த ஆண்டே பணியாளர் தேர்வு வாரியம் ஒன்றை அமைத்துவிட்டது. 1929-இல் ஆணையமாக உயர்ந்தது அந்த வாரியம்தான். தில்லிக்கு இரண்டு ஆண்டு முன்னாலேயே இங்கே அடுப்பு பற்றவைத்தாயிற்று. அப்படியானால் விறகு எங்கிருந்து வந்தது?

கலெக்டர் கச்சேரியிலிருந்து. 19-ஆம் நூற்றாண்டில் ஜில்லாவுக்கு வெள்ளைக்கார கலெக்டர் வருவார், போவார். கச்சேரியின் தலைமை உள்ளூர் அலுவலரான சிரஸ்தார் அங்கேயே இருப்பார். எந்தத் தாலுகாவில் எந்த குமாஸ்தா வேலை காலி என்பது அவருக்குத்தான் தெரியும். மனு யார் கொடுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். மருமகன், மைத்துனன், சகலையின் தம்பி என்று வரிசை நீளும். அந்த நூற்றாண்டின் நடுவில் நெல்லூர் ஜில்லா வருவாய்த் துறையில் ஒரே குடும்பத்து உறவினர் 49 பேர் வேலை பார்த்ததாக ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். செல்வாக்குள்ள சில குடும்பங்களே உத்தியோகங்களை வளைத்துக்கொள்ளாமல், பல சாதியாருக்கும் அவற்றைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று வருவாய் வாரியம் கலெக்டர்களுக்கு நிலையாணையே பிறப்பிக்க வேண்டியிருந்தது. அதன் எண் 128(2). ஆணை புத்தகத்தில் இருந்தது, வேலை வீட்டுக்குள் இருந்தது.

இந்த எண்ணை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். 1921-இல் நீதிக்கட்சி அரசு போட்ட புகழ்பெற்ற வகுப்புவாரி ஆணை, புதிதாக ஒரு கொள்கையை அறிவிக்கவில்லை. வருவாய்த் துறையில் தூங்கிக்கிடந்த 128(2)-ஐ எல்லாத் துறைகளுக்கும் நீட்டிக்கிறோம் என்றுதான் சொன்னது. கெட்டிக்காரத்தனமான காரியம். வெள்ளைக்காரன் எழுதிய விதியையே எடுத்து அவன் மேசைமேல் வைத்தார்கள்.

அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 1912-இல் நிரந்தர ஜில்லா முன்சீப்புகள் 128 பேர். அவர்களில் பிராமணர் 93, பிராமணரல்லாத இந்துக்கள் 25. எஞ்சிய சிலர் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர். இந்த முன்சீப் பதவி நம் கதையில் மறுபடியும் வரும்.

ஆணை போட்டால் போதாது, வேலைக்கு ஆள் எடுக்கும் கை மாற வேண்டும் என்று பனகல் அரசர் புரிந்துகொண்டார். உள்ளூர் அதிகாரிகளின் கையிலிருந்து அதைப் பிடுங்கத்தான் 1924 வாரியம். 1928-இல், சுப்பராயன் அமைச்சரவையில் இருந்த எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் வகுப்புவாரி முறை உண்மையில் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு இடங்கள் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5. பிராமணர், முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்கள் ஆகியோருக்குத் தலா 2. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 1. அந்த ஒன்று மிகக் குறைவு என்பதைச் சொல்லாமல் இந்தச் சாதனையைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே பனகல் அரசர் இறந்துபோனார். ஆணையம் பிறந்ததை அவர் பார்க்கவில்லை.

ஆக, மதிப்பெண் ஒரு கையிலும் பங்கீடு மறு கையிலுமாகத்தான் இந்த ஆணையம் பிறந்தது. இட ஒதுக்கீடு பிற்பாடு வந்து நுழைந்து 'தகுதி'யைக் கெடுத்தது என்று டீக்கடையில் பேசுகிறவர்கள், ஆண்டுகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. பக்கத்துத் திருவிதாங்கூரிலும் இதே கதைதான். பிரதிநிதித்துவம் கேட்டு நடந்த நிவர்த்தனக் கிளர்ச்சிக்குப் பிறகே அங்கே ஜி. டி. நோக்ஸ் என்ற ஒற்றை ஆணையர் நியமிக்கப்பட்டார்.

முன்சீப்புகளுக்கு வருவோம். 1949 டிசம்பரில் சென்னைத் தேர்வாணையம் 83 ஜில்லா முன்சீப் பதவிகளுக்கு விண்ணப்பம் கேட்டது. அரிஜனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறிஸ்தவர்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணருக்கு 11 என்று பிரித்திருந்தார்கள். அடுத்த மாதமே அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. மதிப்பெண் இருந்தும் இடம் கிடைக்காத பிராமண விண்ணப்பதாரர் ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். 1951 ஏப்ரல் 9 அன்று தீர்ப்பு: அரிஜனங்களுக்கும் பின்தங்கிய இந்துக்களுக்கும் ஒதுக்கியது செல்லும், மற்றப் பிரிவினை செல்லாது. கல்லூரிச் சேர்க்கை பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்கின் தீர்ப்பும் அதே நாளில்தான் வந்தது. அந்த வழக்கை ஊரே அறியும். வேலை பற்றிய இந்த வழக்கு அதன் நிழலில் ஒதுங்கிவிட்டது.

கச்சேரி மாறியது, கிராமம் மாறவில்லை. மணியக்காரர் மகன் மணியக்காரர், கர்ணம் மகன் கர்ணம் என்பதற்கு 1895-இல் ஒரு சட்டமே இருந்தது. பரம்பரை முன்னுரிமை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1960-இல் ஓர் ஆந்திர வழக்கில் சொன்னது. ஆனாலும் பழைய குடும்பங்களின் பிடி தளரவில்லை. 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. அவர்களுடைய இடத்தில் வந்த கிராம நிர்வாக அலுவலரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தேர்வாணையத்துக்குப் போயிற்று. என் கணக்கில், 1924-இல் தொடங்கிய வேலை அன்றைக்குத்தான் ஊர்ச் சாவடிவரை வந்து சேர்ந்தது.

சிரஸ்தாரின் வாரிசுகள் ஓய்ந்துவிடவில்லை. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் அழியும் மையைப் பயன்படுத்தியது அம்பலமாகி, 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. 2022-இல் அதே தேர்வில் 7,301 இடங்களுக்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். மைத்துனன் இல்லாதவனும் மனுப் போடலாம் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அத்தனை பேர் வரமாட்டார்கள்.

2029-இல் ஆணையத்துக்கு நூறு வயது. உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், 'மெட்ராஸ் சர்வீஸ் கமிஷன்' என்று அச்சிட்ட கேள்வித்தாளோ நியமனக் கடிதமோ கிடக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.