சோறு என்றொரு பெயர்

பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, "தாத்தா, என் பெயரை மாற்றிவிடுங்கள்" என்றான் என் பெயரன். அவன் பெயர் சொக்கலிங்கம். என் பெயரும் அதுவே. இந்த டில்லி மாநகரில் உடன் பயிலும் பிள்ளைகள் அவனைச் 'சாக்லேட்' என்று அழைக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் கண்கள் கலங்கியிருந்ததைக் கண்டு அடக்கிக்கொண்டேன்.

மாலையில் அவன் விரும்பிப் பார்ப்பது 'டிராகன் பால்' என்னும் ஜப்பானியச் சித்திரத் தொடர். அகிரா தோரியாமா என்பார் 1984-இல் வார இதழொன்றில் சித்திரக் கதையாகத் தொடங்கியது. 1986-இல் தொலைக்காட்சிக்கு வந்தது. அவர் 2024-இல் மறைந்தார். ஓயாத அடிதடியாகிய அக்கதையில் எனக்கு நாட்டமில்லை. ஆயினும் அதில் வரும் பெயர்கள் செவியில் விழுந்துகொண்டே இருந்தன. ஜப்பானிய மொழி கற்ற நண்பர் ஒருவரைக் கேட்டேன், வியப்பு மேலிட்டது.

வேற்றுக் கோளிலிருந்து வந்த போர்மறவர் குலம் ஒன்று, பெயர் 'சையா'. காய்கறிக்கு ஜப்பானிய மொழியில் 'யசை' என்று பெயர். அதனை முன்பின்னாக மாற்றியதே இது! செருக்கு மிக்க இளவரசன் வெஜிட்டா, 'வெஜிடபிள்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வாலறுந்த வடிவம். ராடிட்ஸ் முள்ளங்கி; கக்கரோட் காரட்; நாப்பா கீரை. அண்டமே நடுங்கும் கொடுங்கோலன் ஃபிரீசா யாரென்றால், நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபனி அறை! அறிவிற் சிறந்த புல்மா, அவள் மகன் டிரங்க்ஸ் ஆகிய இருவர் பெயரும் காற்சட்டை வகைகளினின்று பிறந்தவை. இதனைப் பெயரனிடம் சொல்லலாமா என்று சற்றுத் தயங்கினேன். சொன்னேன், வயிறு வலிக்கச் சிரித்தான்.

கக்கரோட் என்பது கதாநாயகனின் பிறவிப் பெயர். உலகம் அவனை அறிவது கோகு என்றே. இப்பெயர் சமையலறையில் பிறந்ததன்று. 'மேற்றிசைப் பயணம்' என்னும் சீனப் பழங்கதையின் குரங்கு வீரன் சுன் வூகோங். அதன் ஜப்பானிய ஒலிப்பே சோன் கோகு. 'வெறுமையை உணர்ந்தவன்' என்று பொருளாம். அக்குரங்கு துணைசென்ற துறவியோ, 7-ஆம் நூற்றாண்டில் நம் காஞ்சிக்கும் வந்த யுவான் சுவாங்கை ஒட்டிப் படைக்கப்பட்டவர்.

"கோகுவின் மகன் கோஹான் பெயருக்கு என்ன பொருள், தாத்தா?"

"சோறு."

"சோறா!"

"ஆம். கோகுவை எடுத்து வளர்த்த தாத்தாவின் பெயர் அது. அதனையே தன் மகனுக்கு இட்டான்."

"நம்மைப் போலவா?"

"நம்மைப் போலத்தான். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே பேரன் என்று மருவியது."

அவன் சற்று நேரம் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவன் வந்ததும், "இன்றும் சாக்லேட் என்றார்களா?" என்று கேட்டேன்.

"என்றார்கள். சோறு என்று பெயருள்ளவன்தான் உலகைக் காப்பாற்றினான் என்றேன். ஒருவனும் நம்பவில்லை."

பெயரை மாற்றும் விண்ணப்பத்தை அவன் இன்னும் திரும்பப் பெறவில்லை. ஆனால் நேற்றுப் புதிய குறிப்பேட்டின் மேலட்டையில் தன் பெயரை முழுமையாக, தமிழில் எழுதியிருந்தான். 'க்' என்னும் எழுத்தின் புள்ளி மட்டும் விடுபட்டிருந்தது, நான் திருத்தவில்லை.